ஆச்சியின்ர பனாட்டுப் பாய்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. வெங்காயப் பாத்திக்குள்ள தண்ணி நிக்குது, வயலில வேலை இல்லை. வீட்டுக்குள்ள இருந்து இதை எழுதுறன். இந்த ஆவணியில ஊருக்கு வந்த அக்காவின்ர பிள்ளைகள் என்னட்டக் கேட்ட கேள்வி ஒண்டுக்கு அப்ப ஒழுங்காப் பதில் சொல்ல ஏலாமல் போச்சு. முற்றத்தில நான் கட்டியிருந்த பரணைப் பார்த்துவிட்டு, "மாமா, இது என்ன, ஜாமோ?" எண்டு கேட்டுதுகள். ஜாம் மாதிரித்தான் எண்டு சொல்லித் தப்பிவிட்டன். உண்மையில பனாட்டு ஜாம் மாதிரி இல்லை.

ஜாமில பழம் கெடாமல் இருக்கிறதுக்குக் காரணம் சீனி. பழத்தின்ர ஈரத்தைச் சீனி பிடிச்சு வைச்சிருக்கும், பூஞ்சணத்துக்கு விடாது. பனாட்டுக்குச் சீனி ஒரு கரண்டியும் போடுறதில்லை. வெயிலும் சோளகக் காத்தும் ஈரத்தை எடுத்துக்கொண்டு போகும். கடையில ஒண்டும் வாங்கத் தேவையில்லாத பண்டம் அது. நான் சொல்ல வாற சரித்திரம் முழுக்க அந்த ஒரு விசயத்திலதான் நிக்குது.

முதல் செய்முறையைச் சொல்லிவிடுறன். ஆடிக் கடைசியில இருந்து புரட்டாசி வரைக்கும் பனம்பழம் விழும். ஆச்சி விடியப்புறம் நாலு மணிக்கே கடகத்தோட போய்விடுவா. பிந்தினால் மாடு சூப்பிவிடும், இல்லாட்டி வேலிக்கு அங்கால இருக்கிறவை பொறுக்கிவிடுவினம். பழத்தின்ர மூளைக் கழட்டி, கறுத்தத் தோலை உரிச்சு, கொட்டைகளைப் பிரிச்சு, கொஞ்சம் தண்ணி தெளிச்சுத் தெளிச்சுப் பிசையவேணும். கை மஞ்சளாகி, பிறகு செம்மஞ்சளாகும். அந்த நிறம் ரெண்டு நாளைக்குப் போகாது. பிசைஞ்ச களியைப் பன்னாடையில வடிச்சுத் தும்பை எடுத்தபிறகு, இடுப்பு உயரத்துக்குக் கட்டின பரணில பனையோலைப் பாயை விரிச்சு மெல்லிசா ஊத்தித் தடவுறது. அது காய்ஞ்சால் அதுக்கு மேல அடுத்த படை. பிறகு இன்னொண்டு.

ஒரே தடவையில தடிப்பா ஊத்தினால் மேல காய்ஞ்சு உள்ள புளிச்சுப்போகும். அதுதான் படை படையா ஊத்துறது. பரண் கால் நாலுக்கும் தண்ணி ஊத்தின சிரட்டை வைப்பம், எறும்பு ஏறாமல் இருக்க. பின்னேரம் பனி விழமுதல் இன்னொரு பாயால மூடவேணும். காகத்துக்கும் அணிலுக்கும் பிள்ளைகள்தான் காவல். அதாவது நானும் அக்காவும். சோளகத்துக்குப் பறக்கிற புழுதியும் ஒவ்வொரு படையிலயும் கொஞ்சம் சேரத்தான் செய்யும். அதைப் பற்றி ஆச்சி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

கடைசியில பாயைத் திருப்பி உரிச்சு எடுத்தால் தோல் மாதிரிக் கறுத்துச் சுருண்டு வரும். கத்தியால சதுரம் சதுரமா வெட்டிப் பானையில போட்டு, அடுப்புக்கு மேல இருக்கிற பரணில ஏத்திவிட்டால் புகை பட்டுப்பட்டுக் கிடக்கும். கொஞ்சத்தை மட்டும் பனம்பாணியில மிளகு, சீரகம் போட்டு ஊறவைப்பா. அது பாணிப் பனாட்டு. சாடியில கிடக்கும், விருந்தாளிக்குத்தான். எங்களுக்குக் காய்ஞ்சதுதான். வாயில போட்டால் முதல் இனிப்பு, பிறகு கொஞ்சம் புளிப்பு, கடைசியில நாக்கின்ர அடியில ஒரு கைப்பு.

கொழும்பில 1850ஆம் ஆண்டு வில்லியம் பெர்குசன் எண்ட வெள்ளைக்காரர் பனைமரத்தைப் பற்றி மட்டும் ஒரு புத்தகம் போட்டார். கும்பகோணத்துப் புலவர் அருணாசலம் பாடின தால விலாசத்தில பனையின்ர பயன் 801 எண்டு கணக்கிருக்கிறதையும் அவர்தான் அதில எடுத்துச் சொல்லியிருக்கிறார். பனாட்டைப் பற்றி அவர் எழுதினது ஆச்சி செய்ததுக்கு அப்படியே பொருந்துது: பனையோலைப் பாய், பரண், ஏறக்குறையப் பதினைஞ்சு படை, ரெண்டு மூண்டு கிழமை வெயில். ஒரு பாய்ப் பனாட்டின்ர விலை 3 ஷில்லிங்கில இருந்து 6 ஷில்லிங் வரைக்கும். தீவுப்பகுதிச் சனத்துக்கும் குடாநாட்டு ஏழைகளுக்கும் வருசத்தில பல மாதங்கள் இதுதான் முக்கிய சாப்பாடு எண்டும் எழுதியிருக்கிறார்.

கவனியுங்கோ, சாப்பாடு. பலகாரம் இல்லை. புரட்டாசியோட பனாட்டு முடியும், ஐப்பசியில மழை வரும், தையில நெல்லு வெட்டும் வரைக்கும் கூலி வேலையும் இல்லை, வீட்டில தானியமும் இல்லை. அந்த மூண்டு மாத ஓட்டையை அடைக்கத்தான் பானை. பிசைஞ்சு எடுத்த கொட்டையைப் பாத்தி போட்டால் தைக்குக் கிழங்கு. கிழங்கை அவிக்காமல் காயவைச்சால் ஒடியல். ஒரே பழத்தின்ர சதை மாரிக்கு, கொட்டை கோடைக்கு. ஆச்சிக்கு எழுத வாசிக்க நல்லாத் தெரியும், ஆனால் பனாட்டு எழுதி வைக்கிற விசயம் எண்டு அவ நினைக்கேல்லை. அதால கணக்குக்கு நான் வெள்ளைக்காரனிட்டப் போகவேண்டிக் கிடக்கு.

ஊரில ஆரைக் கேட்டாலும் "சண்டைதான் பனாட்டை அழிச்சது" எண்டுதான் சொல்லுவினம். பாதிதான் சரி எண்டுறன் நான்.

1942இல பர்மா யப்பான்காரன்ர கையில விழ, இலங்கைக்கு அரிசிக் கப்பல் நிண்டுபோச்சு. அந்தச் சித்திரையில கொழும்பிலயும் திருகோணமலையிலயும் குண்டு போட்டவங்கள். அரிசிக்குப் பங்கீடு வந்தது. ஆச்சிக்கு அப்ப பதினேழு வயசு. பங்கீட்டு அரிசியைச் சின்னனுகளுக்கும் வருத்தக்காரருக்கும் காய்ச்சிக் குடுத்துவிட்டுப் பெரிய ஆக்கள் ஒடியற்கூழும் பனாட்டுமாக் காலத்தை ஓட்டினதாம். அந்த வருசம்தான் தான் முதன்முதல் முழுப் பாய் ஒண்டு தனிய ஊத்தினது எண்டு சொல்லுவா.

பிறகு 1970இல இருந்து 1977 வரைக்கும் சிறிமாவோ அரசாங்க காலம். செத்தல் மிளகாய், வெங்காய இறக்குமதியை நிப்பாட்டினவை. கொழும்பில வரிசையில நிண்டு சனம் திட்டிச்சுது, யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்குக் காசு கொட்டிச்சுது. என்ர ஐயா கிணத்துக்கு வோட்டர் பம்பும் உழ லாண்ட்மாஸ்டரும் அந்தக் காசிலதான் வாங்கினவர். பனை நிண்ட ரெண்டு துண்டை வெட்டி மிளகாய்த் தோட்டம் ஆக்கினதும் அப்பதான். பனங்களி பிசைய வந்த பொம்பிளையள் மிளகாய் பிடுங்கப் போச்சினம், அங்க கூலி கூட. கையில காசு இருக்கிறவன் ஏன் மூண்டு கிழமை காகம் கலைக்கவேணும்? ஒரு வெடியும் கேக்கமுதலே எங்கட ஊரில பாதிப் பரண் காணாமல் போச்சு. ஐயா இதை ஒத்துக்கொள்ளமாட்டார். நான் தோட்டக்காரன் எண்டபடியால் எனக்கு விளங்குது. நானும் அதைத்தான் செய்திருப்பன்.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கின நேரம் பனாட்டு வெக்கப்படுற சாமான் ஆகிவிட்டது. பக்கத்து வாங்கிலில இருந்தவன் பாணும் ஜாமும் கொண்டுவருவான். என்ர பையுக்குள்ள ஆச்சி வைச்சுவிட்ட கறுத்தத் துண்டு. ஒருநாள் அதைக் கிணத்துக்குள்ள எறிஞ்சன்.

1990இல பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் இல்லை, பற்றி இல்லை, சவர்க்காரம் இல்லை. அந்த நேரம் ஜாம் சாப்பிட்ட ஆள் இல்லை, ஆனால் வீட்டுக்கு வீடு வெறும் ஜாம் போத்தல் இருந்தது. அதுக்குள்ள கொஞ்சம் பஞ்சும் ரெண்டு கரண்டி மண்ணெண்ணெயும் விட்டு எரிச்ச விளக்கிலதான் எங்கட வயசுக்காரர் படிச்சவை. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, பனங்கட்டியைக் கடிச்சுக் கடிச்சுக் குடிச்சம். சவர்க்காரத்துக்குப் பதிலாப் பனங்களியில உடுப்புத் தோய்ச்சம். ஊத்தை நல்லாப் போகும், ஆனால் கொடியில காயிற உடுப்பை வாசத்துக்கு மாடு வந்து சப்பிவிடும். என்ர பள்ளிக்கூடச் சேட் ஒண்டின்ர கொலர் அப்படித்தான் போனது. பரண்களும் திரும்ப வந்தது, கூலிக்கு மிளகாய் பிடுங்கின அதே பொம்பிளையளின்ர முற்றத்திலயும்.

1995 ஐப்பசி 30. வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டு, மழைக்குள்ள நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு வந்தது. அடுத்தநாள் விடிய எங்கட வீட்டுத் திண்ணையிலயும் மாமரத்தடியிலயும் நாப்பது பேருக்கு மேல. அதில ஒருத்தர் ஐயாவுக்குக் கணக்குப் படிப்பிச்ச வாத்தியார். அரிசி ஒரு நாளைக்குத்தான் காணும். ஆச்சி பரணில இருந்து ரெண்டு பானையையும் இறக்கினா. பாணிப் பனாட்டுச் சாடியையும் எடுத்துவரச் சொன்னா.

"மாஸ்டர், இதைச் சாப்பிடுங்கோ. வேற ஒண்டும் தாறதுக்கு இல்லை."

"ஆச்சி, நான் இதைத் திண்டு இருவது வருசம்" எண்டார் வாத்தியார். கையில வைச்சுக்கொண்டு கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்.

அந்த வருசத்துப் பதினொரு பாய்ப் பனாட்டும் கார்த்திகைக்கிடையில முடிஞ்சுது. கிணத்துக்குள்ள நான் எறிஞ்ச துண்டு அண்டைக்குத்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சண்டை அழிச்சது மற்றப் பாதி. 2000ஆம் ஆண்டு வைகாசியில சண்டை தென்மராட்சிக்கு வர, நாங்களும் வெளிக்கிட்டம். ஆச்சி வரணிக்கு அங்கால ஒரு பள்ளிக்கூடத்தில, அந்தப் புரட்டாசியில செத்துப்போனா. 2002இல சமாதானம் எண்டு சொல்ல வந்து பார்த்தால், வீட்டுக்குக் கூரை இல்லை, வளவுக்குள்ள மிதிவெடி எண்டு சிவப்பு மண்டையோட்டுப் பலகை. நாப்பது பனைக்கு மேல நிண்ட இடத்தில பதினொண்டு. மற்றதெல்லாம் ரெண்டு பக்கத்துப் பங்கருக்கும் குத்தியாப் போனது, இல்லாட்டி ஷெல் பட்டுத் தலை இல்லாமல் மொட்டையா நிண்டுது.

நாப்பதில இருபத்தொன்பது போனது எண்டால் வெறும் எண்ணிக்கை இல்லை. எல்லாப் பனையின்ர பழமும் ஒரே ருசி இல்லை. களியில இருக்கிற கைப்புக்கு ஃபிளபெல்லிஃபெரின் எண்டு பேர், அது மரத்துக்கு மரம் கூடக்குறைய இருக்கும் எண்டு தென்னிலங்கைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கினம். ஆச்சி அதுக்குப் பேர் வைக்கேல்லை, மரங்களுக்குத்தான் பேர் வைச்சிருந்தா. கிணத்தடியில நிண்டது சீனிப்பனை. வேலிக்கரையில நிண்டது கைச்சல்காரி. பாணிக்கு ஊறப்போடுறது சீனிப்பனையின்ர களி மட்டும்தான். கைச்சல்காரியின்ரதை அடிப்படைக்கு ஊத்தி, மேல நல்ல மரத்தின்ரதை ஊத்துவா. எந்தப் படைக்கு எந்த மரம் எண்டு அவவுக்கு ஒரு கணக்கு. அதை நான் கேட்டு வைக்கேல்லை. சீனிப்பனை இப்ப ஒரு முழ உயர அடிக்கட்டை.

மிஞ்சின பதினொண்டில காய்க்கிற பெண்பனை மூண்டு. இந்த ஆவணியில அந்த மூண்டின்ர பழத்தையும் எடுத்து, சந்தையில பாய் வாங்கி, பரண் கட்டி ஊத்தினன். ஆண்பிள்ளை பனங்களி பிசையிறதைப் பார்த்து றோட்டால போனவை சிரிச்சவை. முதல் மூண்டு படையும் புளிச்சு மணந்தது, தடிப்பா ஊத்திவிட்டன். சுரண்டி மாட்டுக்கு வைச்சுவிட்டு மறுபடியும் தொடங்கினன். பத்தாவது படையில மழை இருட்டு வந்தது. பதினைஞ்சு வரைக்கும் போக ஏலாது எண்டு தெரிஞ்சு, பாயோட தூக்கிக் குசினிக்குள்ள கொண்டுபோனன். அங்க காஸ் அடுப்பு, புகை ஏது? கடைசியில பழைய கொட்டிலுக்குள்ள ஊமல் எரிச்சுப் புகை போட்டு ஒருமாதிரிக் காயவைச்சன்.

கனடாவில இருக்கிற அக்காவுக்கு ஒரு துண்டு பார்சலில போட்டன். போன கிழமை கோல் எடுத்தவ.

"கைக்குதடா தம்பி."

"கைச்சல்காரியின்ரது அக்கா. அவள்தான் மிஞ்சி நிக்கிறாள்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, இன்னும் ரெண்டு துண்டு அனுப்பச் சொன்னவ.

பிசைஞ்ச கொட்டையெல்லாம் பாத்தியில கிடக்கு, தையில கிழங்கு கிண்டலாம். சீனிப்பனைக் கட்டைக்குப் பக்கத்தில தானா முளைச்ச வடலி ரெண்டு நிக்குது. அதைச் சுத்தி முள்ளு அடைச்சு விட்டிருக்கிறன். ஆணோ பெண்ணோ எண்டு தெரிய இன்னும் பத்துப் பன்னிரண்டு வருசம் ஆகும்.