மலபார் சடங்குச் சர்ச்சை

உள்ளூர் வழக்கங்களைக் கத்தோலிக்கத் திருச்சபை எதுவரை ஏற்கலாம் என்று தமிழகத்திலும் அதையொட்டிய தெலுங்கு நாட்டிலும் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நடந்த வழக்கு. அக்கால ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்றதால் இப்பெயர் வந்தது.

1606இல் மதுரை வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, புலால் விட்டு, தத்துவ போதகர் என்ற பெயரில் வாழ்ந்தார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் குல வழக்கம், வழிபாடு அல்ல என்பது அவர் வாதம். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அதை ஏற்றார். பிரெஞ்சு இயேசு சபையினரும் சந்நியாசிக் கோலத்தில், தங்கள் கர்நாடக மிஷனை 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் புங்கனூர் வரை கொண்டுசென்றனர். சித்தூருக்கு மேற்கே உள்ள ஊர் அது.

பாப்பரசரின் தூதர் தூர்னோன் 1703இல் புதுச்சேரியில் இறங்கினார். உள்நாட்டுக்குப் போகாமலே 1704 ஜூனில் 16 கூறுகள் கொண்ட ஆணை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, சிலுவை பொறித்தது ஆகலாம். கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது.

எச்சில் விஷயம்தான் மக்களை மிகவும் வாட்டியது. ஞானஸ்நானத்தில் குரு தம் எச்சிலை விரலில் தொட்டு, ஞானஸ்நானம் பெறுபவரின் காதிலும் மூக்கிலும் வைப்பது அன்றைய உரோமைச் சடங்கு. செம்பில் வாய்படாமல் அண்ணாந்து நீர் குடிக்கும் வீட்டில் அது என்ன பாடு படுத்தும் என்று குருக்களுக்குத் தெரியும், சத்தமில்லாமல் விட்டுவந்தார்கள். தூர்னோன் அதைக் கட்டாயமாக்கினார்.

இவற்றிலெல்லாம் நியாயம் குருக்கள் பக்கம். ஒன்றில் மட்டும் தூதர் பக்கம்: தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர் நோயுற்றால் குரு அவர் குடிசைக்குள்ளேயே போய்த் திருவருட்சாதனம் தர வேண்டும் என்றார். மற்ற சாதியார் விலகிவிடுவார்கள் என்று சபையினர் மன்றாடினர். 1744இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் வழக்கை முடித்தபோது, அம்மக்களுக்கென்று தனிக் குருக்கள் என்ற ஏற்பாட்டுக்கு இசைந்தார். சடங்கில் விட்டுக்கொடுக்காத உரோமை, சாதியில் விட்டுக்கொடுத்தது.

சடங்குத் தடைகளுக்குக் கீழ்ப்படிவதாகக் குருக்கள் எடுக்க வேண்டியிருந்த சத்தியம் 1940இல் நீங்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1969இல், கைகூப்பி வணங்குதல், ஆரத்தி, குத்துவிளக்கு, தரையில் அமர்தல் ஆகியவை இந்தியத் திருப்பலிக்குள் அனுமதி பெற்றன. அதே ஆண்டு வெளிவந்த குழந்தைத் திருமுழுக்குச் சடங்கில் எச்சில் இல்லை. சிலுவைத் தாலி இன்றும் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களின் கழுத்தில் இருக்கிறது. ஆனால் 2008இல், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டுப் போராட வேண்டியிருந்தது.