உத்தரமேரூர் ஏரி

ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நாம், தேர்தல் என்பது வெள்ளையர் தந்ததென்றே நம்பியிருந்தோம். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (919, 921) அம்மயக்கத்தைத் தெளிவித்தன. குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தார் அறுவர், பல்லவன் பெயர் பூண்ட வயிரமேக தடாகத்தை ஓராண்டு காப்பர். ஐப்பசி மழையில் ஏரி நிறையும், கோடையில் வற்றும், ஆண்டுதோறும் வண்டல் படியும். அதை வாரிக் கரையிலிடப் பல்லவர் நாளிலேயே பொன் வைத்தனர்.

ஆனால் வாரியத்தில் அமர்ந்தோர் யாவர்? கால்வேலிக்கு மேல் இறைநிலமும், சொந்த மனையும், வேதப் பயிற்சியும் உடையோரே. வேதம் மிகக் கற்றோர்க்கு நிலத்தில் பாதி தள்ளுபடியாம்!

வண்டல் சுமந்தோர் பெயரை அக்கல்லில் தேடினோம், காணோம். தோட்டத்தில் செக்ரோல் எழுதும் நமக்கு, அவர்கள் பெயரே வேண்டியிருந்தது.