மூச்சே வாகனம்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் அமைந்த போனக்காட்டுத் தேயிலைச் சரிவுகளில் மூடுபனி இறங்கும் காட்சி கண்ணுக்கு இனியது. ஆனால் இரைப்பு நோயாளிக்குக் குளிர்ந்த காற்று பகையாகும். பிழைப்பை நாடி நம்மவர் குடியேறிய இத்தகைய மலைத் தோட்டங்களை எண்ணுங்கால், மூச்சின் வழியே மருந்து செலுத்தும் கலையின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. அவ்வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் கம்பெனி அரசின் தலைமை மருத்துவராக விளங்கியவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். உலர்ந்த ஊமத்தையைப் புகைத்தால் இரைப்புத் தணியும் என்னும் இந்நாட்டு வழக்கத்தை அவர் கையாண்டார். 1802-இல் ஜெனரல் ஜென்ட் என்பார் அதனைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். நாளடைவில் ஊமத்தைச் சுருட்டுகள் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் விலைப்பட்டன.

ஊமத்தையிலுள்ள அட்ரோபீன், மூச்சுக் குழல்களைச் சுருங்கச் செய்யும் நரம்பின் ஏவலைத் தடுக்கிறது. எனினும் ஊமத்தை நஞ்சு; அளவு மிகின் அறிவு மயங்கும், உயிரும் போகும். ஆதலின் அதனை இன்று எவரும் கையாளலாகாது. அட்ரோபீனைத் திருத்தியமைத்துப் பெற்ற இப்ராட்ரோப்பியம் என்பதே இன்று மருத்துவர் தரும் மருந்து.

அளவிட்டுத் தெளிக்கும் இன்ஹேலர் 1956-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கருவி எத்துணைச் சிறந்ததாயினும், மருந்துக்கு வாகனம் நம் மூச்சேயாகும். தெளிப்புக் கருவியில் வேகமாக இழுத்தால், துளிகள் தொண்டையின் வளைவில் மோதி அங்கேயே தங்கிவிடும். மெதுவாக, ஆழமாக இழுத்தால் நுண்குழல்களை எட்டும். பத்து விநாடி மூச்சை அடக்கினால் அங்கே படியும். படிந்த மருந்து, குழல்களின் உட்சுவரைப் போர்த்தியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் கரைந்து தசையைச் சென்றடைகிறது. நுரையீரல் விரிந்து சுருங்குந்தோறும் மிகையான நீர் நிணநீர்க் குழாய்களின் வழியே வடிகிறது. மூச்சு நீரையும் மருந்தையும் ஒருங்கே இயக்குவதை இங்குக் காண்கிறோம்.

பொடியை உறிஞ்சும் கருவிகளுக்கோ மெதுவான மூச்சு போதாது. வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாது, “மருந்தால் பயனில்லை” என்று ஒதுக்கி, மூச்சுத் திணறி அல்லற்படுவோர் பலர். மொழி வேறுபட்ட ஊரில் வாழும் நமக்கு மருத்துவரின் சொல் விளங்காமற் போகலாம், செய்கை விளங்கும். ஆகவே கருவியைக் கையிற் பெறும்போதே, இழுக்கும் முறையைச் செய்து காட்டுமாறு கேட்போம். நாமும் அவர் முன்னிலையில் ஒருமுறை செய்து காட்டுவோம். சென்னையிலிருந்து கடல் கடந்து சென்று உருமாறித் திரும்பிய மருந்து, தொண்டையோடு நின்றுவிடலாகாது.