செம்பனைக் குலையும் பார்வையும்: ஜொகூர் தோட்டத்திலிருந்து கணினி வரை

ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் குலை வெட்டுபவர் மரத்தை அண்ணாந்து பார்க்கும் முன் தரையைப் பார்ப்பார். உதிரிப்பழம் கிடந்தால் மேலே குலை பழுத்துவிட்டது. ஆலையில் தரம் பிரிப்பவருக்கு இந்தத் துப்பு கிடைக்காது. லோரியிலிருந்து கொட்டிய குலையின் நிறத்தையும், பழம் கழன்ற குழிகளையும் வைத்தே அவர் முடிவு சொல்ல வேண்டும். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தர விதிப்படி, பழுத்த குலை செம்மஞ்சளாக இருக்கும். அதில் புதிதாகப் பழம் கழன்ற குழிகள் குறைந்தது 10 இருக்க வேண்டும். காய்க்குலை கருமையாகவோ கருஊதாவாகவோ இருக்கும், குழியே இராது. காயாக வெட்டினால் எண்ணெய் குறையும். அளவுக்கு மீறிப் பழுத்தால் எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் ஏறும்.

பழத்தைக் கண்டுபிடிப்பதற்கும் நிற உணர்வுக்கும் தொடர்புண்டு என்று எழுத்தாளர் கிராண்ட் ஆலன் 1879இலேயே எழுதினார். நம் விழித்திரையில் ஏறத்தாழ 530, 560 நானோமீட்டர் ஒளிக்கு அதிகம் துலங்கும் இருவகைக் கூம்புச் செல்கள் உள்ளன. இவற்றின் வேறுபாட்டைக் கொண்டுதான் சிவப்பையும் பச்சையையும் பிரிக்கிறோம். காலை மூட்டத்திலும் உச்சி வெயிலிலும் குலை நமக்கு ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரிகிறது. ஒளியின் சாயலை மூளை கழித்துவிடுகிறது. கேமராவோ விழுந்த ஒளியை அப்படியே பதியும்.

மலேசிய ஆய்வுகள் நிறத்திலிருந்தே தொடங்கின. 2001இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் அப்துல்லா குழுவினர் செம்பனையின் நிறத்தைக் கணினியால் தரம் பிரித்தனர். 2008இல் மலேசிய புத்ரா பல்கலைக்கழக ஆய்வு சிவப்பு, பச்சை, நீல எண் மதிப்புகளை எடுத்துக்கொண்டது. இந்த வழியின் எல்லை பழத்திலேயே இருக்கிறது என்பது என் கருத்து. சாதாரண வகையில் ஒரே பழத்தின் நுனி கருப்பாகவும் அடி செம்மஞ்சளாகவும் இருக்கும். இரண்டையும் சேர்த்துச் சராசரி கண்டால் கிடைப்பது எந்தப் பழத்திலும் இல்லாத நிறம். மேலும் குழி என்பது நிறம் சார்ந்ததல்ல, வடிவம் சார்ந்தது.

வடிவத்தைக் காணும் வழி வேறு இடத்தில் பிறந்தது. 1959இல் நரம்பியல் ஆய்வாளர்கள் ஹியூபெல், வீசல் இருவரும் பூனையின் மூளைப் புறணியில் குறிப்பிட்ட சாய்வுள்ள கோட்டுக்கு மட்டும் துலங்கும் செல்களைக் கண்டனர். எளிய விளிம்புகளிலிருந்து படிப்படியாக முழுப் பொருள் உருவாகிறது என்ற அந்தக் கருத்தை 1980இல் ஃபுகுஷிமா கணினி வலையமைப்பாக்கினார். 2012இல் அதே மரபில் வந்த அலெக்ஸ்நெட், படங்களை இனங்காணும் இமேஜ்நெட் போட்டியில் 15.3% பிழையோடு வென்றது. அடுத்து வந்த அணிக்கு 26.2%. அதன்பின் செம்பனை ஆய்வும் இத்தகைய வலையமைப்புகளுக்கு மாறியது.

இந்த இடத்தில், தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனை நினைவுகூர வேண்டும். ஒளி மேலிருந்து விழுகிறது என்று மூளை எடுத்துக்கொண்டே குழியையும் மேட்டையும் பிரிக்கிறது என 1988இல் அவர் காட்டினார். நிழலிட்ட குழியின் படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் அது மேடாகிவிடும். குலையில் பழமிருக்கும் மேட்டையும் பழம் கழன்ற குழியையும் பிரிக்கும் வேலையும் இதேதான். ஆலை விளக்கை எங்கே மாட்டுவது என்பதை அற்ப விஷயமாக ஒதுக்கிவிட முடியாது.

இமேஜ்நெட்டில் பயின்ற வலையமைப்புகள் வடிவத்தைவிடப் பரப்பின் இழையையே நம்புகின்றன என்று கெய்ர்ஹோஸ் குழுவினர் 2019இல் எழுதினர். பூனையை யானைத் தோலால் போர்த்தினால் யானை என்றுவிடும். பொதுவாக இது குறை. குலையைப் பொறுத்தவரை அவ்வளவு கெடுதல் இல்லை. குழிகள் நிறைந்த பரப்பும் ஒருவகை இழைதானே. ஆனால் ஒரு பக்கப் படத்தில் மறுபக்கக் குழிகள் தெரியாது. தரம் பிரிப்பவர் குலையைப் புரட்டிப் பார்க்கிறார்.

மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ராஜிந்தர் சிங் குழுவினர் 2014இல் வேறொரு கதவைத் திறந்தனர். காயில் பச்சையாக இருந்து பழுத்தால் செம்மஞ்சளாகும் செம்பனை வகைக்குக் காரணமான மரபணுவை அவர்கள் அடையாளம் கண்டனர். அந்த வகை பரவலாக நடப்பட்டால் குழி எண்ணும் தேவை பெருமளவு குறையும்; 2001இன் நிற முறையே போதுமானதாகிவிடலாம்.