அலனிஸ் ஒபோம்சவின்

அலனிஸ் ஒபோம்சவின் (பிறப்பு: ஆகஸ்ட் 31, 1932) கனடாவின் அபெனாக்கிப் பூர்வகுடியைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குநர், பாடகர், அச்சோவியக் கலைஞர். 1971 முதல் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் 60-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்திருக்கிறார். மீன்பிடி உரிமை, நிலத் தகராறு, குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகள், பள்ளிக்கூடம், வீடு என்று பொருள் மாறிக்கொண்டே வந்தாலும் வேலை ஒன்றுதான். தங்களைப் பற்றிப் பிறர் எழுதிவைத்த வரலாற்றுக்கு அந்த மக்களே எழுந்து மறுமொழி சொல்ல இடம் அமைத்துக் கொடுப்பது.

ஒடனாக்

பிறந்த இடம் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர். 6 மாதக் குழந்தையாக இருந்தபோதே தாய் அவரைத் தூக்கிக்கொண்டு கியூபெக் மாகாணத்தின் ஒடனாக்குக்குத் திரும்பிவிட்டார். மொன்றியலுக்கு வடகிழக்கே, செயின்ட் பிரான்சிஸ் ஆற்றங்கரையில் அபெனாக்கிகளுக்கென அரசு ஒதுக்கிய ஊர் அது. தாய்வழி உறவினரான தெயோஃபில் பனாடிஸ் சிறுமி அலனிஸுக்குத் தம் குலத்தின் கதைகளையும் பாட்டுகளையும் சொல்லிக் கொடுத்தார். வரலாறு என்பது ஒருவர் சொல்ல மற்றவர் காதால் கேட்டுப் பெறுவது என்ற பாடம் அவருக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

அவருக்கு 9 வயதானபோது குடும்பம் த்ருவா-ரிவியேர் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர்களைத் தவிர வேறு அபெனாக்கிக் குடும்பம் இல்லை. ஆங்கிலம் தெரியாது, பிரெஞ்சு அரைகுறை. பள்ளிப் பாடப்புத்தகம் பூர்வகுடிகளைக் கொலைகாரக் காட்டுமிராண்டிகளாகச் சித்திரித்தது. வரலாற்றுப் பாடம் முடிந்ததும் சக மாணவர்கள் அவரை அடித்தார்கள். 12 வயதில் தந்தையைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். இந்தப் பள்ளி அனுபவத்தையே பல பத்தாண்டுகள் கழித்து ‘வென் ஆல் த லீவ்ஸ் ஆர் கான்’ (2010) என்ற புனைவுக் குறும்படமாக எடுத்தார். புத்தகம் சொல்லும் பொய் மைதானத்தில் அடியாக விழும் என்பதைக் குழந்தையாகவே கண்டவர் என்பதால், கல்வி பற்றிய அவருடைய பிடிவாதத்தை வெறும் கொள்கையாக எண்ணிவிட முடியாது.

1960-இல் நியூயார்க்கின் டவுன் ஹாலில் பாடினார். பிறகு பள்ளிகளிலும் சிறைகளிலும் பாட்டும் கதையுமாகச் சுற்றிவந்தார். அக்காலத்தில் ஒடனாக்கின் ஆறு மாசுபட்டுவிட்டதால் குழந்தைகள் அதில் நீந்த முடியவில்லை. பக்கத்து ஊர் நீச்சல்குளத்திலோ அவர்களுக்கு இடமில்லை. கச்சேரி நடத்திப் பணம் திரட்டி, ஊருக்கென்று ஒரு குளம் கட்ட முனைந்தார் ஒபோம்சவின். இந்த முயற்சியை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பார்த்த திரைப்பட வாரியத் தயாரிப்பாளர்கள் வுல்ஃப் கோனிக்கும் பாப் வெராலும் 1967-இல் அவரை ஆலோசகராக அழைத்தார்கள்.

வாரியத்துக்குள்

தேசியத் திரைப்பட வாரியம் 1939-இல் ஜான் கிரியர்சன் தீட்டிய திட்டப்படி அமைந்த அரசு நிறுவனம். பூர்வகுடிகள் அதன் படங்களில் நெடுங்காலம் காட்சிப் பொருளாகவே இருந்தார்கள். விளக்கக் குரல் வேறொருவருடையது. 1960-களின் இறுதியில் வாரியத்தில் பூர்வகுடி இளைஞர்களின் படக்குழு ஒன்று உருவானது. அக்வெசாஸ்னே என்ற மோஹாக் பூர்வகுடி ஊரின் பாலப் போராட்டத்தைப் பதிவு செய்த ‘யூ ஆர் ஆன் இந்தியன் லேண்ட்’ (1969) அந்தக் குழுவின் படைப்பு. அதை இயக்கியவர் மைக் கனென்டகெரோன் மிட்சல் என்று வாரியம் அறிவிக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. பெயர் போடுவதிலேயே இவ்வளவு தயக்கம் காட்டிய நிறுவனத்துக்குள்தான் ஒபோம்சவின் வேலை பார்த்தார்.

முதல் படம் ‘கிறிஸ்மஸ் அட் மூஸ் ஃபேக்டரி’ (1971), 13 நிமிடம். ஜேம்ஸ் விரிகுடாவை ஒட்டிய ஊரொன்றின் உறைவிடப் பள்ளியில் இருந்த க்ரீ இனக் குழந்தைகள் வண்ணக்குச்சிகளால் வரைந்த படங்களும் அவர்களின் குரல்களும் மட்டுமே அதில் உண்டு. பெரியவர் எவரும் குறுக்கே வந்து விளக்கம் சொல்வதில்லை. அடுத்து வந்த ‘மதர் ஆஃப் மெனி சில்ட்ரன்’ (1977), பூர்வகுடிப் பெண்களின் வாழ்வைப் பிறப்பு முதல் முதுமை வரை பல சமூகங்களின் ஊடே காட்டுகிறது. அதில் பேசுகிறவர்களில் ஒருவருக்கு வயது 108.

முதலில் காது

ஒபோம்சவின் ஓர் ஊருக்கு முதலில் போகும்போது கேமராவைக் கொண்டுபோவதில்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு தனியாகப் போய் உட்கார்ந்து மணிக்கணக்கில் கேட்கிறார். ஒளியும் ஆட்களும் கருவிகளும் சூழ்ந்தால் மனிதர்கள் வேறு ஆளாகிவிடுவார்கள் என்பது அவர் கணிப்பு. படக்குழு பிறகுதான் வரும். சில வேளைகளில் முடிவான படத்தில் ஒலிப்பது அந்த முதல் பதிவேதான். எந்தக் காட்சியை எங்கே வைப்பது என்பதையும் பேச்சே தீர்மானிக்கிறது. இதனால் அவர் படங்களில் மௌனங்கள் வெட்டப்படுவதில்லை, ஒருவர் தடுமாறி மறுபடி தொடங்குவதும் அப்படியே நிற்கிறது. அவசரக்காரர்களுக்கு இது இழுவையாகத் தோன்றக்கூடும். ஆனால் முதியவர் ஒருவர் பேசும்போது இடைமறிப்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர்களுக்கு இந்த நடை உடனே பிடிபடும்.

பின்னணியில் ஒலிப்பது பெரும்பாலும் அவருடைய சொந்தக் குரல். தணிந்த, ஏறக்குறைய தாலாட்டு போன்ற அந்தக் குரல் சொல்லும் தகவல்கள் மட்டும் கடுமையானவை: இந்தத் தேதியில் இந்த ஆணை, இன்னாரின் கையெழுத்து.

ரெஸ்டிகூஷ்

1981 ஜூன் மாதம் கியூபெக் மாகாணக் காவல்துறை ரெஸ்டிகூஷ் என்ற மிக்மாக் பூர்வகுடி ஊருக்குள் இருமுறை புகுந்து சால்மன் வலைகளைப் பறித்தது. மக்களை அடித்துக் கைது செய்தது. ‘இன்சிடென்ட் அட் ரெஸ்டிகூஷ்’ (1984) இதைப் பற்றிய படம். மிக்மாக்குகளைப் பேட்டி காணலாம், வெள்ளையர்களைப் பேட்டி காண வேண்டாம் என்று வாரியத்திலிருந்தே அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சோதனைக்கு உத்தரவிட்ட மாகாண அமைச்சர் லூசியன் லெசார்டின் எதிரில் போய் அமர்ந்தார். கனடாவிடமிருந்து கியூபெக்குக்குத் தன்னாட்சி கேட்கும் கட்சியின் அமைச்சர், மிக்மாக்குகளின் தன்னாட்சியை மறுப்பது எப்படி என்று கேட்டார். எப்போதும் பின்னால் நின்று கேட்கும் ஒபோம்சவின், கோபம் மறையாத முகத்தோடு கேமராவுக்கு முன்னால் வாதாடுவது இந்தப் படத்தில்தான். நடுநிலை தவறிவிட்டார் என்று சொன்னவர்கள் உண்டு. அமைச்சரிடம் கேள்வி கேட்கவே கூடாது என்று சொல்லப்பட்ட ஒருவரிடம் நடுநிலை எதிர்பார்ப்பது வேடிக்கை.

இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ‘ரிச்சர்ட் கார்டினல்: க்ரை ஃப்ரம் எ டயரி ஆஃப் எ மெட்டி சைல்ட்’ (1986), 28 வளர்ப்பு இடங்களுக்கு மாற்றி மாற்றி அனுப்பப்பட்டு 1984-இல், 17 வயதில் தற்கொலை செய்துகொண்ட மெட்டி இனச் சிறுவனின் நாட்குறிப்பைக் கொண்டு அமைந்தது. ஆல்பர்ட்டா மாகாணத்தில் குழந்தைநலச் சட்டங்களை மாற்றும் முயற்சிக்கு அந்தப் படமும் துணையாயிற்று.

கனேசடாகே

ஒபோம்சவின் பெயரை உலகம் அறிந்தது ‘கனேசடாகே: 270 இயர்ஸ் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்’ (1993) மூலம். மொன்றியலுக்கு மேற்கே ஓகா என்ற சிற்றூர் தன் 9 குழி கோல்ஃப் மைதானத்தை 18 குழிகளாக விரிக்கத் திட்டமிட்டது. அதற்குத் தேவைப்பட்ட பைன் தோப்பும் அதையொட்டிய இடுகாடும் பக்கத்துக் கனேசடாகே ஊரின் மோஹாக் பூர்வகுடியினர் தங்களுடையவை என்று சொல்லிவந்த நிலம். 1990 மார்ச்சில் அவர்கள் ஒரு மண்பாதையை மறித்து உட்கார்ந்தார்கள். ஜூலை 11 அன்று மாகாணக் காவல்துறை கண்ணீர்ப்புகையோடு தாக்கியது. துப்பாக்கிச் சூட்டில் மார்செல் லெமே என்ற காவலர் இறந்தார். கனவாகே என்ற இன்னொரு ஊரின் மோஹாக்குகள் ஆதரவாக, மொன்றியலுக்குச் செல்லும் மெர்சியர் பாலத்தை மறித்தார்கள். ஆகஸ்டில் ராணுவம் வந்தது. முற்றுகை செப்டம்பர் 26 வரை, 78 நாள் நீடித்தது.

செய்தி கேட்ட உடனே ஒபோம்சவின் அங்கே போய்ச் சேர்ந்தார். முள்கம்பி வளையம் இறுகியபோதும் உள்ளேயே தங்கினார். தரையில் படுத்து உறங்கினார். கடைசிக் கட்டத்தில் படக்குழு வெளியேறிய பிறகும் கையிலிருந்த கருவிகளால் தானே பதிவைத் தொடர்ந்தார். அப்போது அவருக்கு வயது 58.

அந்தக் கோடையில் கனடியப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்த படம், இளம் ராணுவ வீரர் ஒருவரும் முகமூடி அணிந்த போராளி ஒருவரும் மூக்கோடு மூக்கு உரச நிற்பது. நல்ல புகைப்படம்தான். ஆனால் இருவரும் ஏன் அங்கே நிற்கிறார்கள் என்பதை அது சொல்லாது. ஒபோம்சவின் அந்த முகமூடிகளுக்குப் பின்னாலிருந்தவர்களோடு பேசினார். சமைப்பவர்களும் தாய்மாரும் பேச்சுவார்த்தையாளர்களும் அவர் படத்தில் தெளிவான முகங்களோடு இருக்கிறார்கள். முற்றுகையின் நடுவே படம் நின்று, 1717-க்குப் போகிறது. அந்த ஆண்டில்தான் பிரெஞ்சு மன்னராட்சி அந்நிலத்தைச் சல்பிசியன் பாதிரிமார் சபைக்கு எழுதிக் கொடுத்தது. அதன்பின் மனுக்கள், கைதுகள், விற்பனைகள். 1977-இல் மோஹாக்குகள் முன்வைத்த உரிமைக் கோரிக்கை 1986-இல் தள்ளுபடி. 119 நிமிடப் படத்தின் முதுகெலும்பு இந்த வரலாற்றுப் பகுதி. இதைக் கடந்து மீண்டும் முள்கம்பிக்கு வரும்போது, கோல்ஃப் மைதானத்துக்காகவா இத்தனை கலவரம் என்ற கேள்வி பார்ப்பவரிடம் மிஞ்சியிருக்காது.

டொரன்டோ திரைப்பட விழாவில் சிறந்த கனடியப் படம் என்ற விருது 1993-இல் இதற்குக் கிடைத்தது. ஓர் ஆவணப்படம் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல்முறை. கனடியப் பொதுத் தொலைக்காட்சி 1994 ஜனவரியில்தான் ஒளிபரப்பியது; அதற்கு முன்பே பிரிட்டனின் சேனல் 4 காட்டிவிட்டிருந்தது. ஒபோம்சவின் அதே பதிவுகளையும் மனிதர்களையும் வைத்து மேலும் மூன்று படங்கள் எடுத்தார். அவற்றில் ‘ராக்ஸ் அட் விஸ்கி ட்ரென்ச்’ (2000), கனவாகேயிலிருந்து வெளியேறிய பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் பயணித்த கார்கள்மீது கூட்டம் கல்லெறிந்த 1990 ஆகஸ்ட் 28-ஐப் பற்றியது. சிலர் இதைக் ‘கனேசடாகே’வைவிடச் சிறந்ததென்பார்கள். கல்லடிபட்ட குழந்தைகள் வளர்ந்து பேசுவதைக் கேட்டால் அப்படிச் சொல்வதில் நியாயம் தெரியும். கோல்ஃப் மைதான விரிவு கைவிடப்பட்டது. நிலம் யாருடையது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

சொந்த ஊரின் கதை

‘வபன்-அகி: பீப்பிள் ஃப்ரம் வேர் த சன் ரைசஸ்’ (2006) எடுக்கும்போது அவருக்கு 70 கடந்துவிட்டது. அதுவரை பிறர் ஊர்களுக்குப் போய்க் கேட்டவர், இதில் ஒடனாக்குக்கும் அதன் துணை ஊரான வோலினாக்குக்கும் திரும்புகிறார். 1759 அக்டோபரில் ராபர்ட் ரோஜர்ஸின் பிரிட்டிஷ் படை ஒடனாக்கைக் கொளுத்திய கதை, பிர்ச் மரப்பட்டையில் படகு செய்யும் கலை, ஆஷ் மரச் சிலாம்புகளையும் மணப்புல்லையும் கொண்டு கூடை பின்னி ஒரு காலத்தில் குடும்பங்களே பிழைத்த வரலாறு எல்லாம் வருகின்றன.

ஆனால் படத்தின் கனமான பகுதி சட்டம் பற்றியது. 1876-இன் ‘இந்தியன் சட்டம்’ (இங்கே இந்தியர் என்பது கனடியப் பூர்வகுடிகளைக் குறிக்கும்) யார் பூர்வகுடி என்பதை அரசே முடிவு செய்யும் அதிகாரத்தைக் கொடுத்தது. பூர்வகுடி அல்லாதவரை மணந்த பெண் தன் உரிமையை இழந்தாள். அப்படி மணந்த ஆணோ இழக்கவில்லை, அவன் மனைவிக்கும் அது வந்து சேர்ந்தது. 1985 திருத்தம் அந்தப் பெண்களுக்கு உரிமையைத் திருப்பிக் கொடுத்தாலும், தொடர்ந்து இரண்டு தலைமுறை வெளியே மணந்தால் அடுத்த தலைமுறை பதிவேட்டிலிருந்து விழுந்துவிடும் என்ற விதியைச் சேர்த்தது. உறவுக்காரர்களே அதிகமுள்ள சின்ன ஊரில் இதன் விளைவு தெளிவு: பேரப்பிள்ளைகள் மடியில் இருந்தாலும் சட்டத்தின் கணக்கில் இனம் சுருங்கிக்கொண்டே போகும். ‘கனேசடாகே’வின் பரபரப்பு இதில் இல்லை. அவருடைய படங்களில் அதிகம் பேசப்படாத இதுதான், ஒரு சமூகம் எப்படிச் சத்தமில்லாமல் காகிதத்தில் கரைக்கப்படுகிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது.

குழந்தைகள்

பிற்காலப் படங்களில் பல குழந்தைகளைச் சுற்றி வருகின்றன. ‘ஹை-ஹோ மிஸ்டஹே!’ (2013) அட்டவாபிஸ்கட் என்ற க்ரீ ஊரில் நல்ல பள்ளிக்கூடம் கேட்டுப் போராடி, 2010-இல் சாலை விபத்தில் இறந்த மாணவி ஷானன் கூஸ்டச்சினின் இயக்கத்தைத் தொடர்கிறது. ‘வி கான்ட் மேக் த ஸேம் மிஸ்டேக் ட்வைஸ்’ (2016), பூர்வகுடிக் குழந்தைகள் நலத்துக்கு மத்திய அரசு குறைவாக நிதி ஒதுக்கியது பாகுபாடு என்று 2007-இல் தொடுக்கப்பட்ட மனித உரிமை வழக்கை, 2016 ஜனவரியில் தீர்ப்பு வரும்வரை பின்தொடர்கிறது. 163 நிமிடமும் பெரும்பகுதி விசாரணை அறை. சலிப்பு தட்டும் இடங்கள் உண்டு. ‘ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன், த மெசெஞ்சர்’ (2019), வீட்டுப் பராமரிப்புச் செலவு மத்திய அரசுக்கா மாகாணத்துக்கா என்று இரு தரப்பும் வாதிட்டுக்கொண்டிருக்க, வீடு திரும்பாமலே 2005-இல் மருத்துவமனையில் இறந்த 5 வயதுச் சிறுவனைப் பற்றியது. யார் தருவது என்ற தகராறு பிறகு, சேவை முதலில் என்று 2007-இல் கனடிய நாடாளுமன்றம் ஏற்ற நெறி அவன் பெயரில் வழங்குகிறது.

மதிப்பீடு

வடிவத்தில் ஒபோம்சவின் புதுமை விரும்பி அல்லர். பேட்டி, விளக்கக் குரல், பழைய ஓவியங்கள், செய்திப் பதிவுகள் என்ற கட்டுமானத்தை 50 ஆண்டுகளாக அவர் விடவில்லை. சோதனை முயற்சிகளை நாடும் விமர்சகர்களுக்கு இது குறையாகப் படுகிறது. அரசின் பணத்தில் அரசையே குற்றம்சாட்டுகிறார் என்பது இன்னொரு குறை. வரி கட்டுபவர்களில் பூர்வகுடிகளும் உண்டு என்பதே அதற்குப் போதிய பதில். எதிர்த்தரப்புக்கு அவர் படங்களில் இடம் குறைவு என்பது மட்டும் ஓரளவு உண்மை. ஓகாவின் சாதாரணக் குடிமக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு வேறு இடங்களில்தான் தேட வேண்டும்.

2019-இல் கனடாவின் உயர் விருதான ‘ஆர்டர் ஆஃப் கனடா’வின் முதல் நிலைக்கு உயர்த்தப்பட்டார், 2020-இல் க்ளென் கூல்ட் பரிசு. 1988-இல் வெளியிட்ட ‘புஷ் லேடி’ என்ற பாடல் தொகுப்பு 2018-இல் மறுபதிப்புக் கண்டது.

அவருடைய படங்களில் பெரும்பாலானவற்றைத் தேசியத் திரைப்பட வாரியத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். புதிதாகப் பார்க்கிறவர்கள் 13 நிமிட ‘கிறிஸ்மஸ் அட் மூஸ் ஃபேக்டரி’யில் தொடங்கி, பிறகு ‘கனேசடாகே’வுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குவது நல்லது.