ஜீப் டயர் வந்த வழி

புதிய மஹிந்திரா தார் ஒன்றின் டயர் ஓரத்தைப் பாருங்கள். வகையைப் பொறுத்து 245/75 ஆர் 16 என்று பொறித்திருக்கும். 245 என்பது அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது சதவீதம். டயரின் பக்கச்சுவர் உயரம் அகலத்தில் முக்கால் பங்கு. 'ஆர்' என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றையும் ஒரே வரியில் கலந்து எழுதும் மாணவனுக்கு எந்தக் கணக்கு வாத்தியாரும் மதிப்பெண் போடமாட்டார். ஆனால் உலகம் முழுக்க டயர் விற்பது இந்தக் கணக்கில்தான். இதை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. ஒரு கால்நடை மருத்துவர், ஒரு அச்சுக்கூட ஊழியர், பாலைவனத்தில் மோகம் கொண்ட ஒரு ராணுவ அதிகாரி, ஒன்றைப் பார்த்து ஒன்று செய்த கம்பெனிகள் என்று பலர் கைபட்டு வந்தது இது.

முதலில் ரப்பர். வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் கல்லாகிப்போகும் அதை 1839-ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடான அடுப்பில் தவறிப் போட்டார் என்பார்கள். உருகுவதற்குப் பதில் அது பதப்பட்டது. அவர் அனுப்பிய மாதிரித் துண்டுகள் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் கைக்குப் போயின. மேற்பரப்பில் கந்தகம் பூத்திருப்பதைக் கண்ட ஹான்காக், சூட்சுமத்தைக் கண்டுபிடித்து, குட்இயரை முந்திக்கொண்டு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிவிட்டார். குட்இயர் 1860-ல் கடனாளியாகவே இறந்தார். இன்று அவர் பெயரில் இருக்கும் டயர் கம்பெனிக்கும் அவர் குடும்பத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1898-ல் வேறொருவர் தொடங்கி, மரியாதைக்கு அந்தப் பெயரை வைத்தார்.

காற்றடைத்த டயருக்கும் இதே தலைவிதி. ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-ல், தம் 23-வது வயதில், குதிரை வண்டிக்காக அதற்குக் காப்புரிமை பெற்றார். லண்டன் ரீஜண்ட் பூங்காவில் ஓட்டியும் காட்டினார். அன்று மோட்டாரும் இல்லை, மிதிவண்டியும் இல்லை. ரப்பரோ விலை அதிகம். உலகம் அதை மறந்துபோனது. 1887-ல் பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், மகனுடைய மூன்று சக்கர வண்டி கல் பாவிய தெருவில் குலுங்குவதைப் பார்த்து, ஒரு மரத்தட்டைச் சுற்றி ரப்பர் குழாய் கட்டிக் காற்றடித்தார். அதையும் வண்டியின் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழையது பாதி வழியிலேயே சாய்ந்தது. காற்றடைத்தது முற்றம் முழுக்க ஓடி, கதவில் மோதித் திரும்பியது. 1888-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. இரண்டே ஆண்டில் தாம்சனின் பழைய தாள் வெளியே வர, டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்றாகிவிட்டது.

டயர் பெருகியதும் ரப்பர் போதவில்லை. 1876-லேயே ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அங்கு முளைத்த கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்தன; பிறகு மலாயாவெங்கும் ரப்பர் பரவியது. அதிகாலையில் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய கூலித் தொழிலாளர்கள். ஃபோர்டு கார் உலகை வலம் வந்ததில் அவர்கள் வியர்வைக்கும் பங்கு உண்டு.

டயருக்குக் கறுப்பு நிறமும் பிறகு வந்ததுதான். ஆரம்பத்தில் அது வெளுப்பாகவே இருந்தது. 1904-ல் லண்டன் சில்வர்டவுன் ஆலையில் கரித்தூள் கலந்தபோது ரப்பர் பலமடங்கு உறுதியானது. அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனிக்கு அந்தக் கரித்தூளை விற்றது பின்னி அண்ட் ஸ்மித். குழந்தைகள் கையில் கிரயோலா வண்ணக்குச்சியைக் கொடுத்த அதே கம்பெனி.

இனி எண்கள். ஃபோர்டு மாடல் டி காரின் பின்சக்கர டயர் 30×3½. டயரின் மொத்த உயரம் 30 அங்குலம், அகலம் மூன்றரை. அன்றைய டயர் உருண்டையானது. எவ்வளவு அகலமோ அவ்வளவு உயரம். மேலும் கீழும் மூன்றரையைக் கழித்தால் ரிம் 23 அங்குலம். அந்தக் காலத்திலேயே 'ஒரு சைஸ் பெருசா' போடும் ஆசை இருந்தது. 31×4 டயரும் அதே 23 அங்குல ரிம்மில் உட்காரும், கழித்துப் பாருங்கள். ஆனால் வாங்குபவர் ஒவ்வொரு முறையும் இந்தக் கழித்தலைப் போட வேண்டியிருந்தது.

1923-ல் ஃபயர்ஸ்டோன் பருமனான, காற்றழுத்தம் குறைந்த 'பலூன்' டயரை இறக்கியது. அழுத்தம் பழையதில் ஏறத்தாழ பாதி. சவாரி மெத்தென்று ஆனது. அதோடு எழுதும் முறையும் மாறியது. 4.40-21 என்றால் அகலம் 4.40, ரிம் 21. மொத்த உயரத்தைச் சொல்வதை விட்டுவிட்டார்கள். ரிம்மில் பொருந்துமா என்பதே கடைக்காரருக்கு முக்கியமாகிவிட்டது.

அதே சமயத்தில் பிரான்ஸில் வேறொரு போட்டி. ரஷ்யப் பேரரசரின் வண்டிக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட அடால்ஃப் கெக்ரெஸ், பனியில் ஓட ரப்பர்ப் பட்டைச் சக்கரம் செய்திருந்தார். புரட்சிக்குப் பின் பிரான்ஸ் திரும்பினார். பனிக்குச் செய்த அந்தப் பட்டையை மாட்டித்தான் சிட்ரோன் வண்டிகள் 1922 டிசம்பரில் கிளம்பி, அடுத்த மாதமே சகாராவைக் கடந்து டிம்பக்டு சேர்ந்தன. ரெனோ சும்மா இருக்குமா? 1924-ல் ஆறு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் இரட்டை டயர், ஆக 12 பலூன் டயரோடு சகாராவில் இறங்கியது. மணலில் பட்டைச் சக்கரம்தான் ஓடும் என்பதில்லை. டயரைக் கொஞ்சம் தளரவிட்டால் அதுவே போதும் என்று தெரிந்தது.

அந்தப் பாடத்தைக் கரைத்துக் குடித்தவர் ரால்ஃப் பாக்னால்ட். எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி. விடுமுறை கிடைத்தால் நண்பர்களோடு ஃபோர்டு காரில் லிபியப் பாலைவனத்துக்குக் கிளம்பிவிடுவார். காற்றை இறக்கினால் டயர் தரையில் படும் இடம் நீளும், பாரம் பரவும், சக்கரம் மணலில் புதையாது. அகலம் கூடுவதைவிட நீளம் கூடுவதே அதிகம் என்பதுதான் இதில் நுட்பம். 1940-ல் அவர் உருவாக்கிய நீள்தூரப் பாலைவனப் படை, எதிரிகள் கடக்க முடியாது என்று நம்பிய மணற்கடலைக் கடந்து வந்து தாக்கியது.

அதே ஆண்டு அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் பாண்டம் என்ற சின்னக் கம்பெனி முதல் ஜீப்பைச் செய்தது. ராணுவம் அதன் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்து, பெரிய ஆர்டரையும் அவர்களுக்கே தந்தது. அந்த ஜீப்பின் டயர் 6.00-16. மெலிந்து உயரமானது. முன்னே போனாலும் பின்னே வந்தாலும் ஒரே பிடிப்புத் தரும் பட்டன் அமைப்பு. தடத்தைப் பார்த்து வண்டி எந்தப் பக்கம் போனது என்று எதிரி சொல்ல முடியாது என்று ஜீப் பிரியர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

1942-ல் ஜப்பான் மலாயாவைப் பிடித்தது. ரப்பர் நின்றுபோக, அமெரிக்கா டயரைக் காப்பாற்ற நாடு முழுக்க வேகத்தை மணிக்கு 35 மைலாகக் குறைத்து, செயற்கை ரப்பர் ஆலைகளை அவசரமாக எழுப்பியது. மலாயாவில் பால் வெட்டிய தமிழர்கள் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு இழுத்துப் போனார்கள். அதிகம் பேர் திரும்பவில்லை.

போர் முடிந்ததும் ஜீப் ஊர் ஊராகக் குடியேறியது. வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் இருந்த தம் பண்ணையில் பழைய ஜீப் ஓட்டிய ரோவர் கம்பெனியின் மோரிஸ் வில்க்ஸ், ஒரு ஜீப் சட்டத்தின் மேலேயே முதல் மாதிரியைக் கட்டினார். அதுதான் 1948-ன் லேண்ட் ரோவர். அதற்கும் 6.00-16 டயர்தான். ஜப்பானில் 'டொயோட்டா ஜீப்' என்று வந்தது, பெயர்ச் சிக்கலால் 1954-ல் லேண்ட் க்ரூசர் ஆனது. பம்பாயில் மஹிந்திரா முறையாக உரிமம் வாங்கியே பாகங்களைப் பூட்டி ஜீப் செய்தது. சென்னைத் திருவொற்றியூரில் 1946-ல் கொட்டகை போட்டுப் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி, அதாவது எம்.ஆர்.எஃப்., 1961-ல் டயர் செய்யத் தொடங்கியது.

இனி அந்த 'ஆர்'. பிரான்ஸில் மிஷ்லன் கம்பெனியின் அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் மாரியுஸ் மின்யோல். பெரிய படிப்பு இல்லை. செலாவணிக் கணக்குப் போடத் தாமே செய்த ஒரு கணக்குக் கோலைப் பார்த்த எதுவார் மிஷ்லன், அவரை ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாற்றினார். டயர் எங்கே சூடாகிறது என்று பார்க்க, மின்யோல் பக்கச்சுவரை எடுத்துவிட்டு இடைவெளி விட்டுக் கம்பிகளைக் குறுக்காகக் கட்டினார். 'ஈக்கூண்டு' என்று சகாக்கள் பெயர் வைத்தார்கள். அது எதிர்பாராமல் சூடு குறைந்து ஓடியது. 1946-ல் காப்புரிமை, ரேடியல் டயர் பிறந்தது.

டயர்கள் தட்டையாக ஆக ஆக, உயரமும் அகலமும் ஒன்று என்ற பழைய கணக்கு செல்லாமல் போனது. சதவீதம் நுழைந்தது. நடுவில் அமெரிக்காவில் ஓர் எழுத்து முறை வந்தது; மாருதி ஜிப்ஸி ஓட்டியவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள்: எஃப் 78-15. பாரம் தாங்கும் தரம் எஃப், உயரம் 78 சதவீதம், ரிம் 15. அகலமே அதில் கிடையாது! 1975-ல் மிஷ்லன் ரிம்மையும் மில்லிமீட்டரில் அளந்து, 390 மில்லிமீட்டர் ரிம்மோடு டி.ஆர்.எக்ஸ். டயரைக் கொண்டுவந்தது. அதற்கென்று தனி ரிம் வாங்க மக்கள் தயாராக இல்லை. அங்குலமே ஜெயித்தது.

கலிபோர்னியப் பாலைவனத்தில் ஜீப் ஓட்டியவர்களுக்கு இந்த நாகரிக எண்களில் அக்கறை இல்லை. 1960-களில் அவர்கள் விவசாய இயந்திரங்களின் அகன்ற டயரைக் கழற்றி ஜீப்பில் மாட்டினார்கள். டிக் செபெக் போன்றவர்கள் அதையே வியாபாரமாக்கினார்கள். 1976-ல் குட்ரிச் எல்லாத் தரைக்குமான ரேடியலை இறக்கியது. அந்த உலகில் இன்றும் புழங்கும் அளவு 31×10.50 ஆர் 15. மொத்த உயரம் 31, அகலம் பத்தரை. மாடல் டி காலத்து வரிசை அப்படியே திரும்பிவிட்டது! பாறை மேல் ஏறுபவருக்கு முதலில் தெரிய வேண்டியது டயரின் உயரம்தானே. ஐஸ்லாந்துக்காரர்கள் அதையும் தாண்டி 38 அங்குலம், 44 அங்குலம் என்று மாட்டி, 3 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றை இறக்கிப் பனியாற்றின் மேல் ஓட்டுகிறார்கள்.

ஆனால் ஐஸ்லாந்தின் கணக்கு நம் ஊருக்குப் பொருந்தாது. தாரின் 245/75 ஆர் 16 சுமார் 30.5 அங்குல உயரம். அதை 33 ஆக்கினால் தரையிலிருந்து கிடைக்கும் கூடுதல் உயரம் ஒன்றேகால் அங்குலம்தான். அதற்குக் கொடுக்கும் விலை: 80 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 87-ல் ஓடும், கியர் கனக்கும், பிரேக்குக்கு வேலை கூடும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உரசலாம், ஸ்டெப்னியையும் மாற்றியாக வேண்டும். வண்டியின் மூல அளவுகளை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பது தனி.

ஆகவே டயர் கடைக்குப் போகுமுன் ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். அதே உயரத்தில், நீங்கள் ஓட்டும் தரைக்கு ஏற்ற பட்டன் உள்ள டயரைக் கேளுங்கள். மணலுக்குப் போகிறீர்கள் என்றால் பாக்னால்ட் செய்ததைச் செய்யுங்கள்: காற்றை இறக்குங்கள், தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் திரும்ப அடியுங்கள். காற்று இறக்கக் காசு கிடையாது.