குடைந்த மரமும் குன்றத்து நீரும்

ஏட்டிலும் கல்வெட்டிலும் இடம்பெறாத மக்களின் வரலாற்றை அவர்தம் புழங்குபொருள்களிலே தேடல் வேண்டும். இந்தியாவின் வடகிழக்கே, மணிப்பூரின் மேற்கு மலைகளில் வாழும் நாகா இனத்தவருள் ஒரு பிரிவினரான ரொங்மெய் மக்களின் மரநீர்த்தொட்டி இதற்குத் தக்க சான்றாகும்.

பகைவர் வரவைத் தொலைவிலேயே காணும் பொருட்டு அம்மக்கள் மலைமுகடுகளில் ஊரமைத்தனர். அரண் உயர்ந்தது, நீரோ கீழே நின்றது. சரிவிலுள்ள ஊற்றுக்களில் மூங்கிற் குழாய்களை நிரப்பி, முதுகிற் சுமந்து ஏறுதல் நாளாந்த உழைப்பாயிற்று. அது பெரும்பாலும் பெண்டிரது உழைப்பே. அந்நீரைத் தேக்கிவைக்க அடிமரத்தைக் குடைந்து தொட்டி செய்தனர். ஒரே மரமாதலின் பொருத்துவாய் இல்லை. நீர் வற்றாதிருக்கும்வரை மரம் உலர்ந்து வெடிப்பதுமில்லை.

1891இல் மணிப்பூர் ஆங்கிலேயரின் மேலாட்சிக்கு உட்பட்டபின் ஊர்ப்போர்கள் படிப்படியே ஒடுங்கின. எனினும் பல ஊர்கள் முகட்டைவிட்டு இறங்கவில்லை. ஆதலின் நீர்ச்சுமையும் நீங்கவில்லை. பின்னர்த் தகரக் கலமும் பிளாஸ்டிக் கலமும் வரவே மரத்தொட்டி ஒதுங்கலாயிற்று.

மட்கலத்தின் ஓடு மண்ணுட் கிடந்தும் ஆய்வாளனுக்குச் சான்று பகரும். மரமோ மட்கி மறையும். ஆகவே, தொட்டி குடையும் முறையறிந்த முதியோர் உள்ளபோதே அவ்வறிவைப் பதிந்துவைத்தல் வரலாற்று மாணவரின் கடனாகும்.